மிதிவண்டிச் சங்கிலியும் மெழுகும்

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலில் நின்று செவி கொடுப்பார்க்கு, உள்ளே வரும் மிதிவண்டிகளுள் எது எண்ணெய் வறண்டது, எது மண் தின்றது என்பது ஓசையினாலேயே புலனாகும். வறண்ட சங்கிலி கீச்சிடும். மண் தின்றது நறநறவென்று அரைக்கும். முன்னதற்குரிய மருந்தை யாவரும் அறிவர். பின்னதற்கும் அம்மருந்தையே வார்ப்பது பெரும்பாலோர் வழக்கம். யாமும் அவ்வாறே வார்த்து, எம் தந்தையார் 22 ஆண்டுகள் ஓட்டிக் காத்த வண்டியின் சங்கிலியையும் பல்சக்கரங்களையும் ஒன்றரை ஆண்டில் அழித்தோம். அவ்வழிவின் காரணத்தை ஆராயப் புகுந்து அறிந்தவற்றை, வண்டியேறி வரும் நண்பர் பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சங்கிலியின் அமைப்பை நோக்குவோம். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பார் 1880ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலியை அமைத்தனர். ஐந்தாண்டு கழித்து, 1885இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் காவன்ட்ரி நகரில் செய்த ரோவர் வண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இழுத்து ஓடிற்று. இன்று நாம் ஏறும் வண்டிகள் யாவும் அதன் வழிவந்தனவே. ஒவ்வொரு கண்ணியிலும் நடுவே ஒரு முளை, அதனைச் சூழ ஒரு குழல், குழலின்மேல் ஓர் உருளை, இருபுறமும் தகடுகள். பல்சக்கரத்தின் பல்லைத் தொடுவது உருளை. ஆயினும் தேய்வு மிக நிகழ்வது, கண்ணுக்குத் தெரியாமல் முளையும் குழலும் உராயும் இடத்திலேயாம். அவ்விரண்டற்கும் இடையேயுள்ள மயிரிழை போன்ற இடைவெளிக்குத்தான் உயவு வேண்டும். வெளித்தகட்டில் பளபளக்கும் எண்ணெயால் யாதொரு பயனும் இல்லை.

இம்முளைகளின் உழைப்பை ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தோம். எம் வண்டியின் சங்கிலியில் 112 கண்ணிகள். மிதிகட்டையோடு சுழலும் முன்சக்கரத்தில் 44 பற்கள். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் சங்கிலி ஏறக்குறைய 24 முறை முழுச்சுற்று வரும். ஒரு சுற்றில் ஒவ்வொரு கண்ணியும் முன்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், ஆக நான்கு முறை மடங்கி நிமிரும். ஆகவே ஒரு மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு முளையும் ஐயாயிரத்து அறுநூறு முறைக்குமேல் உராய்கின்றது. மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகிடுதல் எளிது, உராயுமிடம் இரண்டே. இங்கோ நூற்றுப் பன்னிரண்டு!

இனி எம் பிழையைச் சொல்வோம். எம் ஊர் சாத்தான்குளத்திற்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டின் ஓரத்தது. தேரி மணலின் செந்நிறம் இரும்புத் துருவின் நிறம். உள்ளிருப்பது படிகக்கல்லின் பொடி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அது 7ஆம் படியில் நிற்பது. சாதாரண எஃகைக் கீறவல்லது. காற்றடிக்கும் மாதங்களில் அம்மணல் சாலையெங்கும் படரும். சங்கிலி அரைக்கும் ஓசை கேட்டபோதெல்லாம் யாம் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தோம். அதுவும் நல்லெண்ணெய் போன்ற தூயதன்று, மோட்டார் வண்டியினின்று வடித்துக் கழித்த கறுப்பு எண்ணெய், விலையின்றிக் கிடைத்தது. ஈரமான சங்கிலியில் மணல் ஒட்டிற்று. எண்ணெயோடு குழைந்து, சாணைக்கல்லில் இடும் களிம்பை ஒத்ததாயிற்று. அக்களிம்பை எண்ணெயே முளைவரை ஏந்திச் சென்றது. ஓசை இரண்டு நாள் அடங்கும். மீண்டும் எழும். மீண்டும் வார்ப்போம். உயவு என்று நாம் எண்ணியது அரமாக நின்று அறுத்தது.

சங்கிலி நீண்டுவிட்டது என்று கடைக்காரர் கூறுவது இதனையே. தகடு நீள்வதில்லை, முளையும் குழலும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியும் சிறிது தளர்கின்றது. இதனை அளந்தறிய ஓர் அடிக்கோலே போதும். புதிய சங்கிலியில் ஒரு முளையின் நடுவிலிருந்து இருபத்துநான்காம் கண்ணியின் முளை நடுவரை சரியாக 12 அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் சங்கிலியை மாற்றல் வேண்டும். எட்டில் ஒரு பங்கு மிகுந்தால் பல்சக்கரங்களும் பெரும்பாலும் உடன் கெட்டிருக்கும். எம்முடையது அவ்வெல்லையையும் கடந்திருந்தது. தேர்வு நாள் காலையில், பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்த போழ்து, சங்கிலி பல்லைத் தாண்டிற்று. முழங்கால் காயம் பத்து நாளில் ஆறிற்று; வண்டியின் பற்கள் ஆறவில்லை.

புதுச்சங்கிலி பூட்டியபின் யாம் நாடியது மெழுகை. பாரஃபின் என்னும் இம்மெழுகை 1830இல் மரத்தாரினின்று பிரித்து அப்பெயரிட்டவர் கார்ல் ஃபான் ரைஹன்பாக் என்னும் ஜெர்மானியர். லத்தீனில் 'பாரும்' என்பது சிறிது. 'அஃபினிஸ்' என்பது உறவுடையது. பிற பொருள்களோடு எளிதில் கூடாமையின் 'உறவு குறைந்தது' எனப்பட்டது. சொல்லாராய்ச்சியில் பழகும் எமக்கு இப்பெயர் மிக உவப்பாயிற்று. கெட்டியாக நிற்பதால் தூசியோடும் இதற்கு உறவு அரிதன்றோ! இன்று பெட்ரோலியத்தினின்று கிடைக்கும் இம்மெழுகு, வகைக்கேற்ப 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகும். தேன்மெழுகு இதற்கு ஆகாது, அது பிசுக்குடையது.

செய்முறையில் கடினமானது மெழுகிடுதலன்று, அதற்கு முன் எண்ணெயைப் போக்குதலே. புதுச்சங்கிலியிலும் ஆலையார் பூசிய பசை உண்டு. அதன்மேல் மெழுகு பற்றாது. பூட்டுக் கண்ணியைக் கழற்றிச் சங்கிலியை எடுத்து, வண்ணக்கடையில் விற்கும் டர்பன்டைனில், கழுநீர் தெளியும்வரை மும்முறை நான்முறை குலுக்கிக் கழுவுக. பின்னர் ஸ்பிரிட்டில் ஒருமுறை அலசி உலர்த்துக. இவையிரண்டும் தீப்பற்றுவன, அடுப்பங்கரையில் வைத்துச் செய்யலாகாது.

மெழுகை நேரே நெருப்பில் வையற்க. அகன்ற பாத்திரத்தில் நீர் கொதிக்க, அதனுள் சிறு பாத்திரம் வைத்து உருக்கினால், சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. சங்கிலியை அதில் அமிழ்த்தினால் முளைகளினின்று சிறு குமிழிகள் எழும். உள்ளிருந்த காற்று வெளியேறி மெழுகு புகுகின்றதென்பதற்கு அது சான்று. குமிழி நின்று, சங்கிலியும் மெழுகின் சூட்டை முற்றும் பெற்றபின் கம்பியால் தூக்கித் தொங்கவிடுக. ஆறியபின் அது கோல்போல் விறைத்திருக்கும். கண்ணி கண்ணியாக மடக்கித் தளர்த்தல் வேண்டும். மீளப் பூட்டுங்கால், பூட்டின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்குக. முதல் ஒரு மைல் மெழுகுச் செதில்கள் உதிரும், அஞ்ச வேண்டா. வறண்ட சாலையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதனைப் புதுக்கலாம். அப்போது டர்பன்டைன் வேண்டா. வெந்நீரில் அலசி உலர்த்தி அமிழ்த்தினாற் போதும்.

இத்துணை உழைக்க இயலாதார்க்குப் புட்டியில் விற்கும் மெழுகு நீர்மம் உண்டு. நீரிலோ விரைந்து ஆவியாகும் திரவத்திலோ மெழுகின் நுண்பொடியைக் கலந்தது அது. உருளைக்கு ஒரு துளியாக மாலையில் இட்டு, இரவெல்லாம் உலரவிட்டு, காலையில் துடைத்து ஓட்டுக. இட்டவுடன் ஏறி ஓட்டுவார் பயன் பெறார். முளைவரை சென்ற நீர்மம் உலர்ந்து மெழுகை விட்டுச் செல்ல நேரம் வேண்டும். இதன் ஆயுளும் உருக்கிய மெழுகின் ஆயுளினும் குறைவு.

மெழுகின் குறையையும் மறைத்தல் நேர்மையன்று. எண்ணெய் ஒழுகும் இயல்பினதாதலின், தேய்ந்து வெறுமையான இடத்தைத் தானே சென்று மூடும். மெழுகு நின்ற இடத்தில் நிற்கும். பெயர்ந்த இடம் வெற்றெஃகாகவே இருக்கும். ஐப்பசி மழையில் நனைந்த வண்டியை அப்படியே சாத்தி வைத்தால் மறுநாட் காலையில் சங்கிலியில் துரு காணும், யாம் கண்டோம். நனைந்த அன்றே துடைத்து உலர்த்தி மீண்டும் இடல் வேண்டும். இனி, சங்கிலி முழுதும் பெட்டிக்குள் மூடப்பட்ட வண்டியுடையார் மெழுகைத் தேட வேண்டுவதே இல்லை. தூசி புகாத இடத்தில் எண்ணெயே சிறந்தது. சக்கரத்தின் குண்டுகளுக்கும் மெழுகு உதவாது. அவற்றிற்குக் கிரீஸ் வேண்டும். மற்றுமொன்று: சக்கரத்தில் காற்றடைக்க விட்டபோது, ஒரு கடைக்காரர் அன்பு மிகுந்து எம் மெழுகுச் சங்கிலியின்மேல் எண்ணெய் வார்த்தனர். கூலியும் கேட்டிலர். அன்று மாலை டர்பன்டைன் தொடங்கி யாவும் மறுபடி செய்ய நேர்ந்தது.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது தந்தையார் வண்டியைச் சாய்த்து, சங்கிலியின்மேல் விரலை நீள ஓட்டி, விரலைப் பார்த்தனர், கறுப்பு ஒட்டவில்லை. அவர் சனிக்கிழமைதோறும் உருளைக்கு ஒரு துளியிட்டு, பழந்துணியால் வெளிப்புறத்தை ஈரமறத் துடைப்பாரென்பது அப்பொழுதுதான் எமக்கு நினைவு வந்தது. துளியை மட்டும் கண்டு, துணியைக் காணாமல் வளர்ந்திருக்கின்றோம். "மழைக்கு என்ன செய்வாய், தம்பி?" என்று வினவினர். துடைத்து உலர்த்துவதைச் சொன்னோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, எண்ணெய்க் குப்பியை எறியாமல் அதன் ஆணியிலேயே மாட்டி வைத்தனர்.