பாராதைராய்டுச் சுரப்பிகளும் முதுமையும்

நம் கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியைப் பலரும் அறிவர். அதன் பின்புறத்தே ஒட்டினாற்போல், பருப்பளவேயான சுரப்பிகள் சில உண்டு. பெரும்பாலோர்க்கு அவை நான்கு. பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். நான்கையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிராம் தேறாது. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் இவற்றை முதலில் குறிப்பிட்டார். மனித உடலில் இவை இருப்பதை விளக்கி 1880-இல் எழுதியவர் ஸ்வீடன் நாட்டு ஐவார் சாண்ட்ஸ்ட்ராம்.

இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பதே இவற்றின் தொழில். நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பற்களிலும் உள்ளது. எலும்பைக் குதிர் என்றால், இரத்தத்தில் இருப்பது அன்றாடச் செலவுக்கான படி நெல். அந்தப் படி சற்றே குறைந்தாலும், சுரப்பியின் முதன்மை உயிரணுக்கள் ஹார்மோனை வெளிவிடும். அது குதிரைத் திறந்து குறையை நிரப்பும். சிறுநீரில் கால்சியம் வீணாவதையும் தடுக்கும்.

வயது ஏற ஏற இச்சுரப்பிகளின் உள்ளமைப்பு மாறுகிறது. குழந்தைப் பருவத்தில் முதன்மை உயிரணுக்களே நெருங்கி நிறைந்திருக்கும். வளர்ந்தபின் கொழுப்பு உயிரணுக்கள் அவற்றிடையே இடம் பிடிக்கின்றன. குழந்தைகளிடம் அரிதான ஆக்ஸிபில் என்னும் வேறொரு வகை, பூப்புப் பருவத்தை ஒட்டிப் பெருகத் தொடங்கி, முதியோரிடம் திட்டுத் திட்டாகக் காணப்படுகிறது. இவ்வுயிரணுக்கள் உருவில் பெரியவை. ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் இவற்றில் நிறைந்துள்ளன. முதன்மை உயிரணுக்களே இவ்வாறு உருமாறுகின்றன என்பது ஆய்வாளர் கருத்து.

கொழுப்பு சேர்ந்துவிட்டது, ஆகவே சுரப்பி ஓய்ந்துவிட்டது என்று எண்ணலாகாது. முதியோர் இரத்தத்தில் இந்த ஹார்மோன் பொதுவாக மிகுந்தே காணப்படுகிறது. வெயிலில் வைட்டமின் டி ஆக்கும் திறன் தோலுக்குக் குறைகிறது; சிறுநீரகம் தளர்கிறது; உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் முன்போல் ஏற்பதில்லை. வரவு குறையவே, சுரப்பி மேலும் மேலும் குதிரில் கை வைக்கிறது. எலும்பு மெலிகிறது, சிறு சறுக்கலிலும் இடுப்பெலும்பு முறிகிறது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஊரில் திண்ணையும் தோட்டமுமாக வெயிலில் நடமாடிய பெற்றோரை, மாடிக் குடியிருப்பின் அறைக்குள் அமர்த்திவிடுகிறோம். நாள்தோறும் சிறிது நேரமேனும் அவர்கள் மீது வெயில் படட்டும். பால், தயிர், எள், கேழ்வரகு ஆகியவை உணவில் சேரட்டும். கேழ்வரகை மராட்டியர் நாச்னி என்றும் வடநாட்டார் மண்டுவா என்றும் வழங்குவர்; கடையில் அப்பெயரால் கேட்டு வாங்கலாம்.

சிறுநீரகக் கல், ஓயாத களைப்பு, எலும்பு வலி ஆகியவை தொடர்ந்து தோன்றினால், முதுமைதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் கால்சியத்தைச் சோதிக்கவேண்டும். சுரப்பிகளுள் ஒன்று கட்டியாகி அளவு மீறிச் சுரந்தாலும் இக்குறிகள் தோன்றும். ஐம்பதைக் கடந்த பெண்டிரிடம் இது மிகுதி. அதனை அறுவைச் சிகிச்சையால் நீக்கிக் குணப்படுத்த இயலும். சோதனையின்றித் தாமாகவே கால்சியம் மாத்திரைகளை உட்கொள்வது நன்றன்று.