ஓங்கலுக்கும் ஒரு டெசிபல் கணக்கு

வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. 1999-ல் வந்த விதி இது. சரவெடி என்றால் கோர்த்திருக்கும் வெடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அளவு இன்னும் இறங்கும். இரவு 10 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது என்றார்கள். 2018 தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளியன்றே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்றாகிவிட்டது. அதனால் நம் வீடுகளில் எத்தனை அடுப்பு அணைந்தது என்பதும் நமக்குத் தெரியும். இருந்தும் கைக்குழந்தையின் காது, நோயாளியின் காது, தெருநாயின் காது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரம்பு வேண்டும் என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொண்டது.

நம் ஊர் ஆறு போய்ச் சேரும் கடலில், காதாலேயே பார்த்து, காதாலேயே இரை தேடி, காதாலேயே குட்டியைக் கண்டுபிடிக்கும் உயிர்கள் இருக்கின்றன. அவற்றின் காதுக்கு இப்படி மீட்டர் கணக்குப் போட்டு ஒரு வரம்பை நம் நாட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.

வைப்பாற்றைச் சொல்கிறேன். வெம்பக்கோட்டை அணையில் தங்கி, சாத்தூரைத் தொட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளம் தாண்டி, சிப்பிக்குளம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆனால் வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. கந்தக பூமி என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்த மண்ணுக்கும் அந்தக் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் பட்டாசுக்கு வெகுகாலம் முந்தியது. இன்றைக்கும் சாத்தூர் தீப்பெட்டி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறுகிறது. அங்கே என்ன நடந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

அந்தக் கடலில்தான் ஓங்கல்கள் திரிகின்றன. டால்பினைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். கரையோரம் குட்டிக்கூட்டமாக வருபவை உண்டு. ஆழத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து துள்ளிச் சுழலும் சுழல் டால்பின்களும் உண்டு. இன்னும் ஆழத்தில் பைலட் திமிங்கலம். அதற்கும் அப்பால் எண்ணெய்த் திமிங்கலம். அதன் வயிற்றில் உருவாகும் அம்பர்கிரிஸைக் கடத்தியதாக யாராவது பிடிபடும்போது மட்டும் அது நாளிதழில் வருகிறது. இவை எல்லாம் பல்லுள்ள திமிங்கல இனம். பைலட் திமிங்கலத்தைத் திமிங்கலம் என்று அழைத்தாலும் அது டால்பின் குடும்பம்தான்.

இவை சத்தம் போடும் விதம் விசித்திரமானது. தொண்டையிலிருந்து அல்ல, தலை உச்சியிலுள்ள மூச்சுத்துளைக்குக் கீழே, மூக்குப் பாதையில் இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து 'டிக்... டிக்' என்ற ஒலியை எழுப்புகின்றன. நெற்றியில் புடைத்திருக்கும் கொழுப்பு மேடு அந்த ஒலியைக் குவித்து முன்னால் அனுப்புகிறது. எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு வாங்கி உள்காதுக்குக் கொடுக்கிறது. மனிதக் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டால்பினுக்கு ஒன்றரை லட்சம் வரை கேட்கும். கைக்குள் அடங்கும் எஃகு உருண்டை ஒன்றை 113 மீட்டருக்கு அப்பால் இருந்தே ஒரு டால்பின் கண்டுபிடித்ததைச் சோதனையில் பதிவு செய்திருக்கிறார்கள். கலங்கிய நீரிலும் நள்ளிரவிலும் அதற்கு வழி தெரிவது இப்படித்தான். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை உண்டு. தாயும் குட்டியும் பிரிந்தால் அந்தச் சீழ்க்கைதான் சேர்த்துவைக்கும்.

இப்படிப்பட்ட உயிரின் காது கெட்டுப்போனால் அதற்குப் பார்வை போனது மாதிரிதான். நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் ஓடுவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். தேய்ந்து அடங்கவும் வெகுதூரம் ஆகும்.

2016 ஜனவரி 11. பொங்கலுக்குச் சில நாள் முன்பு, திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் பைலட் திமிங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொத்தம் 81. மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி இழுத்து ஆழத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. தாய்வழிக் குடும்பமாகக் கூடி வாழும் இனம் அது. கிழவிகள்கூட ஈனும் வயது கடந்து பல்லாண்டு கூட்டத்தோடு இருப்பார்கள். சொந்தம் கரையில் கிடக்கும்போது மற்றவை எங்கே போகும்? 45 செத்தன. கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஏன் வந்தன? முன்னால் போன திமிங்கலத்துக்கு நோய் என்றார்கள், வழி தப்பியது என்றார்கள், சரிவான கரை எதிரொலியைக் குழப்பியது என்றார்கள். 1973 ஜனவரியில் இதே கடலோரம் 147 ஒதுங்கியதையும் எடுத்துக்காட்டினார்கள். இருக்கலாம். சத்தம்தான் காரணம் என்று மணப்பாட்டில் யாரும் நிரூபிக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த வாரம் மன்னார் வளைகுடாவுக்குள் எங்கெங்கே என்னென்ன சத்தம் எழுந்தது என்ற கணக்கு இருந்தால்தானே நிரூபிக்கவோ மறுக்கவோ முடியும்?

ஸ்காட்லாந்தில் அப்படியொரு கணக்கு இருந்தது. 2011 ஜூலை 22 அன்று அந்நாட்டின் வடகோடியில் கைல் ஆஃப் டர்னஸ் என்ற ஆழமில்லாத கழிமுகத்துக்குள் பைலட் திமிங்கலக் கூட்டம் ஒன்று புகுந்தது. மணப்பாட்டில் வந்ததற்கு நெருங்கிய உறவான, நீளத்துடுப்பு வகை. 39 தரைதட்டின. 19 செத்தன. அதன்பின் ஏறக்குறைய நாலு வருடம் ஆராய்ந்தார்கள். செத்த உடல்களை அறுத்து நோயைத் தேடினார்கள். எதிரிக்கு அஞ்சி ஓடிவந்தனவா, இரையைத் துரத்தி வந்தனவா, வானிலையா, நிலநடுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். கடைசியில் மிஞ்சியது வெடி. அருகிலிருந்த குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்தின் கடலடியில் கிடந்த வெடிக்காத பழைய குண்டுகளைச் செயலிழக்க வைத்தபோது, திமிங்கலங்கள் கரைதட்டுவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் தலா 450 கிலோ எடையுள்ள 3 குண்டுகளை வெடிக்கச் செய்திருக்கிறார்கள். திமிங்கலங்கள் தென்பட்ட பிறகும் இன்னொன்று. இந்த வெடிகள் அவற்றின் காதையும் வழியறியும் திறனையும் குலைத்திருக்கக்கூடும் என்று 2015-ல் வந்த அறிக்கை சொன்னது. வெடித்த நேரமும் எடையும் பதிவேட்டில் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

இன்னொன்று, பட்டாசுக்காரர்களுக்கு உடனே புரியும். அதே 2011, மார்ச் மாதம். அமெரிக்காவின் சான் டியேகோ கரையோரம் ஒரு வெடிப் பயிற்சி. கடலுக்கடியில் வைத்தது 4 கிலோ அளவுக்கு வெடிமருந்து. பக்கத்தில் டால்பின் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் நேரம் வைத்த திரியைத் தொடங்கினார்கள். வெடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நூறுக்கும் மேற்பட்ட டால்பின்கள் கொண்ட கூட்டம் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. படகை விட்டுத் திசைதிருப்பப் பார்த்தார்கள். திரும்பவில்லை. திரியை நிறுத்தவும் வழியில்லை. திரி பற்றிய பிறகு கையில் எதுவும் இல்லை என்பது நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வெடித்தது. மூன்று டால்பின்கள் அங்கேயே செத்தன. நாலாவது சில நாளில் வேறொரு கரையில் பிணமாகக் கிடைத்தது. அத்தனை காவலும் கண்காணிப்பும் வைத்துச் செய்த இடத்திலேயே இந்தக் கதி.

இப்போது எந்தக் காவலும் இல்லாமல் தோட்டா வீசும் படகை நினைத்துப் பாருங்கள். என்னை உறுத்துவது இதுதான். தோட்டா போட்டு மீன் பிடிப்பது இந்தியாவில் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியும் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. வீசுகிறவர் மீன் மந்தையைப் பார்த்து வீசுகிறார். அதே மந்தையை மேய்த்துக்கொண்டு கீழே ஓங்கல் இருக்கும். அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிகிறது. மிதப்பதை அள்ளிக்கொள்கிறார்கள், மூழ்கியது மூழ்கியதுதான். பவளமும் நொறுங்குகிறது. ஓங்கலுக்கு நுரையீரலிலும் காதிலும் காற்று இருக்கிறது. அதிர்ச்சி அலை முதலில் பிடிப்பது காற்று இருக்கும் இடத்தைத்தான். அந்த இடத்திலேயே சாகாமல் காது மட்டும் போன ஓங்கல், இரை கிடைக்காமல் சாகும். அதன் உடம்பில் காயம் எதுவும் தெரியாது. 'செத்து ஒதுங்கிய டால்பின்' என்று ஒரு பத்திச் செய்தியோடு முடிந்துபோகும்.

தோட்டாவுக்கும் நம் பட்டாசுக்கும் சம்பந்தமில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போவது ஜெலட்டின் குச்சி. அது கல்குவாரிக்கும் கிணறு வெட்டுவதற்கும் வரும் சரக்கு. ஆனால் குவாரிகள் நம் மாவட்டத்திலும் உண்டு. 2024 மே முதல் தேதி காரியாபட்டி பக்கம் குவாரிக்கான வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எத்தனை குச்சி வந்தது, எத்தனை பாறையில் போனது, எத்தனை மிச்சம் என்று பதிவேடு வைக்கச் சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் ஒரு குச்சிகூடக் கடற்கரைக்கு நடந்து போகாது. தரையில் கசிந்த வெடி என்ன செய்யும் என்பதை 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றே செத்தபோது நாடே பார்த்தது. கடலில் நடப்பதைப் படம் பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வலையில் சிக்கிச் சாகும் ஓங்கல்தான் அதிகம் என்பார்கள் கடல் ஆய்வாளர்கள். 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலில் சூரைக்கு விட்ட செவுள் வலைகளில் சுமார் 41 லட்சம் டால்பின், சிறு திமிங்கலங்கள் சிக்கியிருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மறுக்கவில்லை. வலைப் பிரச்னையைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். சத்தத்தைப் பேச ஆளில்லை.

தோட்டா சட்டத்துக்குப் புறம்பானது, பிடித்தால் தண்டிக்கலாம். சட்டப்படியே எழும் சத்தத்தை என்ன செய்வது? 2016-ல் திமிங்கலங்கள் கிடந்த அதே கல்லாமொழியில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் பாலம் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு தேடும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். கடலடியில் எண்ணெய் தேடும் காற்றுத் துப்பாக்கிகள் 10, 15 நொடிக்கு ஒருமுறை, இரவும் பகலும், வாரக்கணக்கில் அதிரும். மின்சாரம் வேண்டாம், ராக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்தில் நீருக்கடியில் எவ்வளவு சத்தம் என்று அளந்து சொல்லுங்கள் என்கிறேன்.

முடியாத காரியமும் அல்ல. ஜெர்மனியில் கடலுக்குள் காற்றாலைத் தூண் அடிக்கும்போது 750 மீட்டர் தள்ளி நீருக்கடியில் அளந்தால் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. நீரின் டெசிபலும் காற்றின் டெசிபலும் ஒரே கணக்கல்ல, இதை நம் 125-ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. அங்குள்ள சிறு கடல்பன்றி இனத்தின் காதைச் சோதித்துப் பார்த்து வைத்த வரம்பு அது. அதற்குள் நிற்க, தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயைப் போட்டுக் காற்றைச் செலுத்துகிறார்கள். எழும் குமிழிகள் திரைபோல நின்று சத்தத்தை மட்டுப்படுத்துகின்றன.

இங்கே ஓங்கலும் திமிங்கலமும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே இடம். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்காவும் அறிவித்தாயிற்று. தொட்டால் குற்றம், பிடித்தால் குற்றம். காதைச் செவிடாக்கினால் மட்டும் என்ன பிரிவு?

இதைக் கேட்கும் உரிமை வைப்பாற்றுக் கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். சத்தத்துக்கு வரம்பு வேண்டும் என்று நாடு சொன்னபோது, பிழைப்பில் அடி விழுந்தும் ஏற்றுக்கொண்டவர்கள் நாம். தெருவில் வெடிக்கும் வெடிக்கு 4 மீட்டரில் கணக்குப் பார்க்கும் அரசு, கடலுக்குள் எழும் சத்தத்துக்கும் ஒரு தூரமும் ஒரு எண்ணும் குறிக்கட்டும். மன்னார் வளைகுடாவில் இனி எந்தக் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுத்தாலும் அந்த எண்ணும் அனுமதித் தாளில் இருக்கட்டும். செத்து ஒதுங்கும் ஒவ்வொரு ஓங்கலையும் புதைப்பதற்கு முன் அதன் காதைப் பரிசோதித்து, முந்தைய வாரத்தில் கடலில் நடந்த வெடிப்புகளையும் வேலைகளையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குவாரிக் குச்சி கைமாறுவதைக் கண்ணால் கண்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கக்கூடும். அவர்கள் வாய் திறக்க வேண்டும்.