போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு

கொடுங்கையூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய 25 கி.மீ. காலை நெரிசலில் மாட்டிக்கொண்டால், அந்த நேரத்தில் மதுரைக்கே பறந்துவிடலாம். மூலக்கடை சிக்னலில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் சிக்னலே இல்லாத வானத்திலும் பயண நேரம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 2,900 கி.மீ. டிக்கெட்டைப் பார்த்தால் போக ஆறரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம்தான் என்று தோன்றும். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படி அச்சாவதால் வரும் மயக்கம் இது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதைச் சரிசெய்தால் இரு பக்கமும் ஏறத்தாழ 4 மணி நேரம். அது முழுவதும் பறக்கும் நேரமும் அல்ல. விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம்.

ஓடுபாதையிலிருந்து எந்தப் பக்கம் நோக்கி மேலேறுவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. எதிர்க்காற்றில் ஏறி இறங்குவதே விமானத்துக்குத் தோது. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70, 250 பாகை என்று பொருள். ஜூலை மாதக் காலையில் மேற்குக் காற்று வீசினால், சிங்கப்பூர் விமானமும் மேற்கு நோக்கி ஏறி, வளைந்து திரும்பித்தான் கடலைப் பிடிக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் கிழக்கே ஏறி நேராகப் போய்விடலாம். சில நிமிடங்கள் மிச்சம்.

பெரிய வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் தலைக்கு மேலே, 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. கிழக்கத்திய ஜெட் காற்றோட்டம் என்பார்கள். கோடையில் திபெத் பீடபூமி சூடாகி, அதன் மேலுள்ள காற்றும் வெப்பமடைகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேல் அவ்வளவு சூடில்லை. வடக்கே குளிர், தெற்கே வெப்பம் என்ற வழக்கம் தலைகீழாவதால் மேல்வானக் காற்றும் திசை மாறுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார்.

பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறப்பவை, இந்த ஓட்டத்தின் கீழ்விளிம்பு அவற்றின் மேல் படும். விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ., காற்றின் வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது எதிர்க்காற்று, தரைக்கணக்கில் வேகம் 750தான், 2,900 கி.மீ.க்கு 3 மணி 52 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, வேகம் 910. 3 மணி 11 நிமிடம். தூரம் ஒன்றுதான், வித்தியாசம் 41 நிமிடம்.

இந்த நிமிடங்கள் எரிபொருள் கணக்கிலும் ஏறும். அதனால்தான் மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் அன்றாடம் பலூனில் கருவி கட்டி மேலே அனுப்புகிறார்கள். உலகெங்கும் இப்படித் திரட்டும் அளவுகளிலிருந்து மேல்வானக் காற்றின் முன்கணிப்பு தயாராகிறது. எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்பதை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.