லயக் காம்பிராவும் நம் கைவேலையும்

தலவாக்கலையை அடுத்த வட்டகொடையில், பிரித்தானியர் காலத்து லயங்கள் இன்றும் மக்கள் வாழும் மனைகளாகவே நிற்கின்றன. 10 அடிக்கு 12 அடி அளவிலான காம்பிராவும், முன்னே ஓர் இஸ்தோப்புமே பல குடும்பங்களுக்கு வீடு. விடுமுறை நாளில் அதனைத் தம் கைகளாலேயே செப்பனிட முனைவோர் பலர்.

அவர்கள் முதலில் நாடுவது வர்ணப் பூச்சையே. அது முறையன்று. மலைநாட்டு வீட்டிற்குப் பெரும் பகை நீர். ஆதலின் முதற்கண் கூரைத் தகரத்தின் ஆணித்துளைகளை அடைத்தல் வேண்டும். அடுத்து, பின்புறக் கானைத் துப்புரவு செய்தல் வேண்டும். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவரின்மேல் சீமெந்து பூசினால், உள்ளேறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரிக்கும். அதற்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. இடத்தைப் பெருக்க எண்ணிப் பின்மேட்டை வெட்டுவதோ மண்சரிவை வலிந்து அழைப்பதாகும்.

இத்துணை உழைத்தும், லயம் தோட்டத்திற்கே உரியது. செப்பனிட்டவருக்கு உறுதி இல்லை. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கோரிக்கை எழுந்தது இதனாலன்றோ? இந்திய உதவியில் 4,000 வீடுகளுக்கான திட்டம் வகுக்கப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

உறுதி கைக்கு வரும்வரை மழை காத்திராது. கூரையைச் செப்பனிடுவோம், காணியுரிமையையும் கேட்போம்.