அரை கிரவுண்டுக்கு ஒரு புள்ளி

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்து விழுந்தது. அந்தப் பகுதியை நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் செப்டம்பர் 17 அன்று படம் பிடித்தது. அதே மாதம் 26ஆம் தேதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று நாசா அதை வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்துவந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்தப் படத்தை இறக்கி, அதே இடத்தின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். முன்பு இல்லாத ஒரு பளிச்சென்ற புள்ளி கண்ணில் பட்டது. நாசாவுக்கு எழுதினார். டிசம்பர் 2 அன்று, அது விக்ரமின் உடைந்த துண்டுதான் என்று அவர் பெயரைச் சொல்லியே நாசா அறிவித்தது.

அவரிடம் இருந்தவை இலவசப் படம், கணினி, பொறுமை. அவர் செய்தது ஒரே இடத்தின் இரண்டு தேதிகளை ஒப்பிட்டது. பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மயிலாப்பூரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் செயற்கைக்கோள் படம் பார்க்கச் சொல்லித் தருகிறேன். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: காலால் நடந்து பழகிய இடத்தில் தொடங்குங்கள். அமேசான் காட்டையும் இமயமலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், எங்க வீட்டு மொட்டை மாடி இப்போ தெரியுமா?" மாடி தெரியும், 'இப்போ' தெரியாது. கூகுள் மேப்பில் நாம் பார்ப்பது பல தேதிகளில் எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்தது. கூகுள் எர்த் ப்ரோ மென்பொருள் 2015 முதல் இலவசம். அதைக் கணினியில் நிறுவினால் படம் எடுத்த தேதி கீழே தெரியும். கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய ஆண்டுகளுக்கும் போகலாம். உங்கள் தெருவில் எந்த வீடு எப்போது அடுக்குமாடியானது என்று பார்க்க இதுவே போதும்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஊர் எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில், 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் நகரைப் படம் எடுக்கின்றன. 'கோப்பர்நிக்கஸ் பிரவுசர்' என்ற இணையதளத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. இறக்கிக்கொள்ளத்தான் பதிவு வேண்டும், அதுவும் இலவசம்.

முதல்முறை திறப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ரங்கநாதன் தெருவைப் பெரிதாக்கினால் மங்கலான சதுரங்கள்தான் தெரியும். காரணம் அளவு. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஆக, ஒரு புள்ளி அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி முப்பதுக்கு முப்பது மீட்டர், ஏறக்குறைய நான்கு கிரவுண்டு. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் ஏறத்தாழ 190 மீட்டர் நீளம், 143 மீட்டர் அகலம். சென்டினலில் அது பத்தொன்பதுக்குப் பதினான்கு புள்ளிகளாகத் தெரியும், லேண்ட்சாட்டில் ஆறுக்கு ஐந்துதான். எந்தப் படத்தில் எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். ஆளையும் ஆட்டோவையும் தேட வேண்டாம். குளம், பூங்கா, ஆறு, கடற்கரை ஆகியவற்றைத் தேடுங்கள்.

அடுத்தது நிறம். சென்டினல்-2 நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துப் பதின்மூன்று அலைவரிசைகளில் பதிவு செய்கிறது. பச்சை இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டும் படத்தைப் 'ஃபால்ஸ் கலர்' என்கிறார்கள். அதை அழுத்தியதும் தென்சென்னை வேறு ஊராகிவிடும். கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகமும் ஒரே சிவப்புப் பரப்பாகச் சேர்ந்து நிற்கும். அடையாற்றின் தென்கரையில் தியோசாபிகல் சொசைட்டி இன்னொரு சிவப்புத் திட்டு. தி.நகர் சாம்பல் பூத்துக் கிடக்கும், நடுவே பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் மட்டும் துளியாகச் சிவக்கும். நம் வெயிலுக்கு நிழல் எங்கே மிச்சம் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படத்தை நான் வேறு பார்த்ததில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் முறித்துப்போட்ட மரங்களின் கணக்கைத் தேடுகிறவர்கள், அதற்கு முந்தைய கோடையையும் பிந்தைய கோடையையும் இதே நிறத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் இடம் அடையாறு முகத்துவாரம். பெசன்ட் நகர்ப் பக்கம் உடைந்த பாலமும் எதிர்க்கரையில் சீனிவாசபுரமும் இருக்க, நடுவே ஆறு கடலைத் தொடும் இடம். வெள்ளையாகத் தெரிவது மணல்திட்டு. தேதியை மாதம் மாதமாக நகர்த்துங்கள். கோடையில் ஆற்றில் வரத்து குறையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். இரண்டும் சேர்ந்து வாயை அடைக்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் வெள்ளம் அந்தத் திட்டை உடைக்கும். சில சமயம் இயந்திரம் வைத்து வெட்டியும் திறப்பார்கள். மாலையில் அங்கே நடப்பவர்களுக்கு வாய் அடைத்திருப்பது தெரியும். அது எந்த மாதத்தில் அடைகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனை வாரம் அப்படியே இருக்கிறது என்பதைப் படம் வரிசையாகக் காட்டிவிடும்.

மழைக்காலத்தில் ஒரு சங்கடம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலான படங்களில் மேகம்தான் இருக்கும். தேடும்போது மேக அளவைக் குறைத்து வைத்தால் நல்ல படங்கள் மட்டும் வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெளிவாகக் கிடைக்கும். வெள்ள நாட்களுக்கு சென்டினல்-1 இருக்கிறது. அது ரேடார் என்பதால் மேகம், இருட்டு இரண்டையும் கடந்து பார்க்கும். அலையில்லாத நீர் அதில் கறுப்பாகத் தெரியும். பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஏரிகள், வயல்கள் நிறைந்ததை அதில் நம்பிப் பார்க்கலாம். கட்டடங்கள் நெருங்கிய தெருவில் தேங்கிய நீரை மட்டும் அதில் தேடாதீர்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் குழப்பிவிடும்.

நீண்ட காலத்து மாற்றத்துக்கு லேண்ட்சாட்டுக்கு இணையில்லை. முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. ஒரு படத்துக்கு 600 டாலர் வரை விலை வைத்திருந்த காலம் உண்டு. 2008இல் மொத்தச் சேமிப்பையும் இலவசமாக்கினார்கள். அதன் பிறகுதான் என் போன்ற பள்ளி ஆசிரியர்களின் கைக்கு அது வந்தது. 'கூகுள் எர்த் டைம்லாப்ஸ்' 1984 முதலான ஆண்டுகளைப் படமாக ஓட்டிக் காட்டும். அதில் தி.நகர் பெரிதாக மாறாது, ஏனென்றால் அதன் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை அது. கொஞ்சம் தெற்கே நகர்ந்து வேளச்சேரி, பெருங்குடி, பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். நம் தாத்தா காலத்தில் தி.நகருக்கு நடந்தது, நம் காலத்தில் அங்கே ஆண்டு ஆண்டாக நடப்பது தெரியும்.

நம் நாட்டுப் படங்களும் இருக்கின்றன. இஸ்ரோவின் 'புவன்' தளம் 2009இல் வந்தது. 'பூநிதி' தளத்தில் பதிவு செய்தால் ரிசோர்ஸ்சாட் படங்களை இறக்கிக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, ஐந்து மீட்டரும் அதைவிடப் பெரிய புள்ளியும் கொண்ட இஸ்ரோ படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. இது நம் வரிப்பணத்தில் எடுத்த படம். கேட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

படம் ஒன்றும் தானாகப் பேசாது. ஏரியில் பச்சையாகத் தெரிவது ஆகாயத்தாமரையா, கோடையில் போட்ட பயிரா என்று சொல்ல, அந்தக் கரையில் நின்றவர் வேண்டும். சென்னையில் இருக்கும் பலருக்கும் ஒரு சொந்த ஊர் இருக்கிறது, அங்கே ஓர் ஏரியோ கண்மாயோ இருக்கிறது. குடிநீருக்குச் சென்னை தவித்த 2019 மே மாதத்தில் புழல் ஏரி எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள், முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுங்கள், கண் பழகிவிடும். பிறகு உங்கள் ஊர் ஏரியைத் திறந்து, ஒரே மாதத்தை ஆண்டு வாரியாகப் பாருங்கள். கரை உள்வாங்கியிருந்தால் தேதியோடு படத்தைச் சேமித்து, ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதும் படம் காட்டுவதும் ஒத்துப்போனால், அந்தப் படத்தோடு கிராம சபைக்குப் போங்கள்.