புளியமரத்துக்குள் ஒரு கூத்துக் கொட்டகை

கார்த்திகை மழை விட்ட மறுநாள், வேங்கிக்கால் ஏரிப் பக்கம் பட்டுப்போன புளியமரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் இருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எல்லாம் காளானால்! குடைக்காளான் இல்லை; அலமாரித் தட்டுபோல மரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. மேலே வார்னிஷ் அடித்த செம்பழுப்பு, விளிம்பில் வெள்ளைக் கரை. பெயர் கனோடெர்மா.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால்தான் ஆடுவார். கிரீடமும் கால் சலங்கையும் மட்டும் தெரியும். இதுவும் அப்படித்தான். வெளியே தெரிவது கிரீடம். ஆள் மரத்துக்குள்ளே, முடியைவிட மெல்லிய நூல் நூலாகப் பரவிக் கிடக்கிறார்.

அங்கே நடப்பது சமையல்! வாய் கிடையாது, வயிறு கிடையாது. நொதிகளை வெளியே ஊற்றி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான். மரத்தை விறைப்பாக நிறுத்தும் லிக்னின் லேசில் கரையாது. புற்றுக்கறையானே அதற்கென்று புற்றுக்குள் தனியாக ஒரு காளானை வளர்க்கிறது (மழைக்குப் பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் அதே புற்றுக்காளான்). கனோடெர்மா அந்த லிக்னினையே கரைத்துவிடும். பட்டையைப் பெயர்த்துப் பார்த்தேன்: வைரம் பாய்ந்த கட்டை வெளுத்து, பஞ்சாகி, விரலுக்கே பிய்ந்து வந்தது. உயிருள்ள தென்னையையும் விடாது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1952-இல் தஞ்சையில் தெரியவந்த வாடல் நோய் இதன் கைவரிசை.

லென்ஸோடு குனிந்து அடிப்பக்கம் பார்க்கவேண்டுமே! ஊசி குத்தியதுபோல ஆயிரமாயிரம் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு குழாய், கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேர் செங்குத்து. சாய்ந்தால் வித்துத்தூள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மரமே விழுந்துவிட்டால்? புதிதாக வளரும் பகுதி தரையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்! பெரிய தட்டு ஒன்று ஒரே நாளில் பல நூறு கோடி வித்துகளைக் கொட்டும்.

பக்கத்துக் கட்டையில் சாம்பல்நிறக் குட்டி விசிறிகள்: ஸ்கிசோஃபில்லம். வெயிலில் சுருண்டு, மழையில் மறுபடி விரியும். அதில் ஆண், பெண் என்று இரண்டு இல்லை. இனச்சேர்க்கை வகைகள் 20,000-க்கும் மேல். கல்யாணத் தரகர் பாவம்!

உளுத்த கிளையொன்றில் செம்மார்புக் குக்குறுவான் 'டொக் டொக்' என்று பொந்து குடைந்துகொண்டிருந்தது. எழுந்து மடியைத் தட்டினேன். காபித்தூள் நிறத்தில் பொடி பறந்தது.