காலஞ்சென்றவரின் கடனும் வாரிசுகளின் பொறுப்பும்

கிராமாந்தரங்களில் குடும்பத் தலைவர் ஒருவர் காலஞ்சென்றால், கருமாதிப் பந்தல் பிரிக்கப்படுமுன்பே கடன் கொடுத்தவர்கள் வந்து நிற்பது வழக்கம். பதினாறாம் நாள் உறவினரும் ஊராரும் கூடியிருக்கும் சமயத்தில், இறந்தவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டை எடுத்துக் காட்டி, மகனைப் புதிய நோட்டு எழுதித் தரும்படி கேட்பார்கள். தகப்பனார் பெயருக்கு இழுக்கு வரலாகாதென்ற எண்ணத்தாலும், சபையில் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டும், மகன் கணக்கைப் பாராமலே கையெழுத்திட்டு விடுகிறான். சட்டம் அவன் மீது சுமத்தாத பாரத்தை அவனே தலையில் ஏற்றிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பழைய இந்து தர்ம சாஸ்திரத்தின்படி தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனுக்குரிய புண்ணியக் கடமையாகக் கொள்ளப்பட்டது. கோர்ட்டுகளும் அதை ஒப்புக்கொண்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பாகத்தையும் தகப்பன் கடனுக்காக ஏலத்திற்குக் கொண்டுவர இடங்கொடுத்து வந்தன. சூது முதலிய துர்விஷயங்களுக்காக வாங்கிய கடன்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2005-ம் வருஷத்திய இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. அவ்வருஷம் செப்டம்பர் 9-ந் தேதிக்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு, புண்ணியக் கடமை என்ற காரணத்தை மட்டும் கொண்டு மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோரைத் தொடர முடியாது. ஊர்ப் பேச்சில் மட்டும் பழைய சாஸ்திரம் உயிரோடிருக்கிறது. அது கடன் கொடுத்தவருக்கு அனுகூலமாயிருப்பதால், அதை ஞாபகப்படுத்த அவர் தவறுவதில்லை.

ஆயினும் இறந்தவரோடு கடனும் எரிந்து போய்விடுவதில்லை. அது அவர் விட்டுச் சென்ற சொத்தைத் தொடர்கிறது. 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, இறந்தவரிடமிருந்து வாரிசின் கைக்கு வந்த சொத்து எவ்வளவோ, அவ்வளவிற்கே அவர் பொறுப்பாளியாவார். மகன் தன் உழைப்பால் வாங்கிய நிலமும், தாயாரின் ஸ்திரீதன நகைகளும் இக்கணக்கில் சேரா. சொத்தே இல்லாமல் இறந்தவரின் கடனுக்கு வாரிசுகளிடம் வசூலிக்க ஒன்றுமில்லை.

இங்கே ஓர் அபாயம் உண்டு. அதே சட்டத்தின் 52-வது பிரிவு, கைக்கு வந்த சொத்தை முறைப்படி செலவிட்டதாகக் கோர்ட்டுக்குத் திருப்தியாகக் காட்டத் தவறும் வாரிசின் மீது, அந்தச் சொத்தின் அளவிற்கு, அவரது சொந்தக் கடனைப் போலவே டிக்ரியை நிறைவேற்ற இடங்கொடுக்கிறது. தகப்பனாரின் உழவு மாடுகளையும் வைக்கோற் போரையும் அவசரத்தில் விற்று, பணம் எங்கே போயிற்றென்று சொல்ல முடியாமல் நிற்கும் மகன் இதில் அகப்பட்டுக் கொள்கிறான். ஆகையால் மரணம் சம்பவித்த வாரத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஸ்தாவர ஜங்கம சொத்துக்களையும், கையிருப்பு ரொக்கத்தையும், வரவேண்டிய பாக்கிகளையும், ரசீதுகளுடன் ஒவ்வொரு செலவையும் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் பிற்காலத்தில் ஒரு வக்கீலுக்குச் சமமாகும்.

சொத்து சொற்பமாயும் கடன் அதிகமாயும் இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது? சொத்தை நிர்வகிப்பவருக்கு 1925-ம் வருஷத்திய இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. அந்திமச் சடங்கின் நியாயமான செலவும், மரணப் படுக்கையில் ஏற்பட்ட வைத்தியச் செலவும் முந்தியவை. மரணத்திற்கு முந்திய மூன்று மாதங்களில் வேலை செய்த கூலியாட்களின் பாக்கி அடுத்தபடியாகும். பின்னர் மற்றக் கடன்காரர் யாவருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். ஒருவர் ரூ. 1,30,000 பெறுமான சொத்து விட்டுச் சென்றாரென வைத்துக்கொள்வோம். சடங்கும் வைத்தியமும் ரூ. 35,000, கூலி பாக்கி ரூ. 5,000, மிச்சம் ரூ. 90,000. ஒருவருக்கு ரூ. 1,80,000, மற்றொருவருக்கு ரூ. 90,000 கடன் இருந்தால், முன்னவருக்கு ரூ. 60,000, பின்னவருக்கு ரூ. 30,000 சேரும். உரத்த குரலில் கேட்பவருக்கு முழுதும் கொடுத்துவிட்டு மற்றவருக்குக் கையை விரிப்பது முறையன்று. நியாயமான சடங்குச் செலவு என்பதில் ஊர் முழுவதற்கும் போடும் விருந்து அடங்காது.

புரோநோட்டு விஷயத்தில் தேதியே பிரதானம். கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட்டு, எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷத்தில் காலாவதியாகும். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் கையெழுத்திட்டாலும், பின்புறத்தில் சிறு தொகை வரவு எழுதி ஒப்பமிட்டாலும், காலம் மீண்டும் புதிதாக ஆரம்பிக்கிறது. "நூறு ரூபாய் மட்டும் வரவு வைத்துக்கொள்கிறேன்" என்ற சாதுவான வார்த்தையின் பொருள் இதுவே. புதிய நோட்டு எழுதிக் கொடுத்தாலோ, அது எழுதியவனுடைய சொந்தக் கடனாகி, அவன் சுயார்ஜிதத்தையும் தொடர வழி உண்டாகும். எனவே மூல நோட்டைப் பார்த்துத் தேதியையும் அசலையும் குறித்துக்கொண்டு, வட்டிக் கணக்கை எழுத்தில் கேட்பதே போதுமானது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

அடமானக் கடன் வேறு வகை. அது நிலத்தையே பற்றி நிற்பதால், சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தல் அவசியம். பிறர் கடனுக்கு இறந்தவர் ஜாமீன் நின்றிருந்தால் அவர் சொத்து அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தொடர்ச்சியான ஜாமீனாயின், மாறான ஒப்பந்தமில்லாவிடில், மரணத்திற்குப் பிந்திய கொடுக்கல்களுக்கு அது செல்லாது. பாங்கியில் கணக்கிருந்தால், 2015-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி ஜீவன் ஜோதி இன்ஷூரன்ஸுக்குப் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்கலாம்; அத்தொகை ரூ. 2 லட்சம்.

இனி ஒப்பந்தங்கள். 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவரது சொந்தத் திறமையை நம்பிச் செய்த ஏற்பாடு அவர் மரணத்தோடு முடிகிறது. கல்யாணத்திற்கு அச்சாரம் வாங்கிய நாதஸ்வரக்காரர் இறந்தால், அவர் மகன் வந்து வாசிக்க வேண்டுமென்று எவரும் வற்புறுத்த முடியாது. அச்சாரத்தை இறந்தவர் சொத்திலிருந்து திருப்பித் தந்தால் போதும். கிணறு வெட்டும் குத்தகை போல யாரைக்கொண்டும் முடிக்கக்கூடிய வேலையானால், அப்பொறுப்பு அவர் விட்டுச் சென்ற சொத்தைப் பற்றி நிற்கும்.

இதனினும் கொடியதொரு வழக்கம் முற்காலத்தில் தஞ்சை ஜில்லா முதலிய இடங்களில் இருந்தது. பண்ணையாள் வாங்கிய கடனுக்கு அவன் மகனும், மகனுக்குப் பின் பேரனும் அதே மிராசுதாரிடம் உழைத்தார்கள். 1976-ம் வருஷத்திய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதல் அமுலாகும்படி, இத்தகைய கடன்கள் யாவற்றையும் அடியோடு ரத்து செய்தது. செங்கற் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணம் வாங்கியவர் இறந்தபின், அவர் மனைவியையும் மக்களையும் நிறுத்தி வேலை வாங்குவோருக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும், ரூ. 2,000 வரை அபராதமும் உண்டு. ஜில்லா கலெக்டரிடமாவது கோட்டாட்சியரிடமாவது மனுச் செய்து கொள்ளலாம். பத்திரம் எதுவும் கையிலில்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. அது கொத்தடிமைக் கடனன்று என ருசுப்பிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது.